நீளச் சொல்லுக்கு வாலில்தான் பிடி

சர்டிஃபிகேட் என்ற சொல்லில் எத்தனை அசை என்று கேட்டால் பெரும்பாலும் சரியான விடை வந்துவிடும்: நான்கு. அதில் எந்த அசை ஓங்கி ஒலிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பலர் கடைசியில் இருக்கும் கேட்டைக் காட்டுவார்கள், சிலர் முதலில் இருக்கும் சர்-ஐ. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் வாயில் ஓங்குவது இரண்டாவது: சர்-ˈடிஃ-பி-கட். கடைசியில் கேட்டே கிடையாது, பாதி விழுங்கிய ஒரு கட் மட்டும்தான்.

நீளமான ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றிலும் மூன்று கணக்குகள் சேர்ந்தே ஓடுகின்றன. வாய் எங்கே வெட்டுகிறது என்பது அசை. பலம் எங்கே விழுகிறது என்பது அழுத்தம். பொருளுள்ள துண்டுகள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்பது மூன்றாவது. இந்த மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் விழ வேண்டிய கட்டாயம் இல்லை, பெரும்பாலும் விழுவதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முன்னொட்டு பின்னொட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்கிறோம். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கைதட்டி அசை எண்ணுகிறோம். அழுத்தத்தை அநேகமாக யாரும் தொடுவதில்லை. தொட்டாலும் “கேட்டுக் கேட்டுத்தான் வரும்” என்று விட்டுவிடுகிறார்கள். கேட்டுத்தான் வரும், ஆனால் நீளச் சொற்களைப் பொறுத்தவரை அழுத்தம் எங்கே என்பதைச் சொல்லின் கடைசித் துண்டே முக்கால்வாசி காட்டிக் கொடுத்துவிடும். அதனால் முன்பக்கத்தை விட்டுவிட்டு எப்போதும் வாலைப் பாருங்கள்.

கீழே அசைகளுக்கு நடுவே இணைகோடு போட்டிருக்கிறது. ஓங்கும் அசைக்கு முன்னால், அகராதியில் வருவது போலவே, ஒரு சின்ன நிமிர்கோடு. தமிழ் எழுத்தில் எழுதுவதால் ப, ட, க ஒவ்வொன்றும் இரண்டு ஒலிக்கு வேலை பார்க்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம், இங்கே அசையும் அழுத்தமும்தான் பேச்சு.

அசையை முதலில் முடித்துவிடலாம். ஓர் அசைக்கு ஓர் உயிரொலி. எழுத்தில் எத்தனை உயிர் இருக்கிறது என்பது கணக்கே இல்லை. ஸ்ட்ரெங்த்ஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுத 9 எழுத்து வேண்டும், அசை ஒன்றுதான். ஏரியாவுக்கு 4 எழுத்துதான், அசை மூன்று. பாட்டில், பட்டன் போன்றவற்றின் கடைசி அசையில் உயிரே இல்லாமல் ல், ன் மட்டும் நின்று உயிரின் வேலையைப் பார்ப்பதும் உண்டு. யாப்பு படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நேர், நிரை என்று அலகிட்டு எண்ணினால் தப்பு வரும். கமிட்டி என்பதை அலகிட்டால் கமிட்/டி, நிரை நேர், புளிமா. இரண்டே அசை. ஆங்கிலக் கணக்கில் க-ˈமி-டி, மூன்று. ஒரு நிரைக்குள் இரண்டு உயிர் உட்கார்ந்திருப்பதால் வரும் வித்தியாசம் அது.

தாடைக்குக் கீழே கையை வைத்து, தாடை எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணும் வழியைப் பல வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். நமக்கு அது ஏமாற்றும். ஏனென்றால் நம் வாய் மெய்யெழுத்துகள் கூட்டமாக வரும் இடத்தில் தானாக ஓர் உயிரைச் செருகுகிறது, வல்லின மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் ஓர் உகரத்தை ஒட்டுகிறது. ஃபிலிம் என்று சொன்னால் தாடை இரண்டு முறை இறங்கும், ஆங்கிலத்தில் அது ஒரே அசை. புக்கு, பஸ்ஸு, ஆஸ்க்டு எல்லாம் ஒரே அசைச் சொற்கள்தான். சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டு அந்தத் தப்பையே கையால் எண்ணி உறுதி செய்கிறோம். எண்ண வேண்டியது அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில் உள்ள உயிர்க் குறிகளை.

இறந்தகால வால் இங்கேதான் அதிகம் தடுக்கும். வினை ட் அல்லது மெல்லிய ட் ஒலியில் முடிந்தால் மட்டும் புது அசை பிறக்கும்: வான்ட், வான்-டிட், நீட், நீ-டிட். மற்ற எதற்கும் பிறக்காது. வொர்க்ட் ஒரு அசை, வாட்ச்ட் ஒரு அசை, டெவலப்ட் மூன்றோடு நிற்கும். டெ-வ-லப்-பு-டு என்று ஐந்து வந்தால் இரண்டு நம் வீட்டுச் சரக்கு. பன்மைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு: ஸ், ஷ், ச், ஜ் வகைச் சீறும் ஒலியில் சொல் முடிந்திருந்தால்தான் கூடுதல் அசை. பஸ், பஸ்-ஸஸ். மன்த், மன்த்ஸ், ஒன்றேதான்.

எழுதியிருந்தும் பேச்சில் காணாமல் போகும் அசைகள் இன்னொரு பக்கம். வெஜிடேபிள் நாலு போலத் தெரியும், ˈவெஜ்-ட-பிள் என்று மூன்றுதான். கம்ஃபர்டபிள் என்பதும் ˈகம்ஃப்-ட-பிள். சாக்லேட், பிசினஸ், வெட்னஸ்டே மூன்றும் இரண்டிரண்டு. இதை அவசரப் பேச்சின் குறை என்று நினைக்க வேண்டாம், அகராதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

அழுத்தத்துக்கு வருவோம். அழுத்திச் சொல் என்றால் பலரும் சத்தத்தைக் கூட்டுகிறார்கள், பிறகு எல்லா அசையையும் சத்தமாகவே சொல்கிறார்கள். உண்மையில் ஓங்கும் அசைக்கு மூன்று விஷயம் நடக்கிறது: கொஞ்சம் நீள்கிறது, சுருதி ஏறுகிறது, உயிரொலி முழுசாக, தெளிவாக வாயிலிருந்து வருகிறது. மற்ற அசைகளுக்கு நடப்பது இதைவிட முக்கியம். அவற்றின் உயிர்கள் மங்கி, அ-வும் அல்லாத உ-வும் அல்லாத ஒரு சோம்பேறி ஒலியாகிவிடும். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலியே அந்தச் சோம்பேறிதான். அதற்கென்று தனி எழுத்துகூட இல்லை, ஐந்து உயிரெழுத்தும் அதற்கு வேடம் போடும்.

தமிழ் வாய்க்கு இது வராது என்று சொல்வதை ஏற்க முடியாது. நடு, நாடு இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். நடு-வில் உகரம் முழுசு. நாடு-வில் அது அரை மாத்திரையாகக் குறுகி, உதடு குவியாமல் நழுவுகிறது. குற்றியலுகரம் என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நாம் செய்து வரும் வேலை. ஆங்கிலம் அதே குறுக்கத்தைச் சொல்லின் எந்த இடத்திலும், எந்த உயிருக்கும் செய்கிறது, அவ்வளவுதான். வகுப்பில் “அழுத்து” என்று சொல்வதை நிறுத்திவிட்டு, “ஓங்கும் அசைக்கு இரண்டு மாத்திரை, மீதிக்கு அரை” என்று சொன்னால் பெரும்பாலும் உடனே வேலை செய்கிறது. ஓங்க வேண்டியதை ஓங்கவைப்பது சுலபம். மற்றதைக் குறுக்கத்தான் பழக்கம் வேண்டும்.

ஃபோட்டோகிராஃப் குடும்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது முழுவதும் புரிந்துவிடும். படம்: ˈஃபோ-ட-க்ராஃப். எடுப்பவர்: ஃப-ˈடாக்-ர-ஃபர். பெயரடை: ஃபோ-ட-ˈக்ரா-ஃபிக். எழுத்தில் முதல் பத்து எழுத்து அப்படியே இருக்கிறது. ஆனால் முதல் சொல்லில் ராஜாவாக இருந்த ஃபோ இரண்டாவதில் வெறும் ஃப ஆகிவிட்டது, முதலில் விழுங்கப்பட்ட ட இரண்டாவதில் டாக் என்று எழுந்து நிற்கிறது. நாம் மூன்றையும் ஃபோட்டோ என்றே தொடங்குகிறோம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஃபோட்டோகிராஃபர் என்று நாம் சொன்னதும் ஒரு நொடி விழித்தால் காரணம் நம் ஃப-வோ ட-வோ இல்லை. அவர் காது தேடும் ஓங்கிய டாக் கிடைக்கவில்லை.

இடம் மாறியது ஏன்? வால் மாறியதால்.

ஆங்கில வால்களில் மூன்று சாதி உண்டு. முதலாவது, தனக்கு முன்னால் உள்ள அசைக்குப் பலத்தைத் தள்ளிவிடும் வால்கள். ஷன் என்று முடியும் எல்லாமே இந்த வகை, எழுத்து எப்படி இருந்தாலும்: எ-ஜு-ˈகே-ஷன், இன்-ஃபர்-ˈமே-ஷன், டிஸ்-ˈக-ஷன், ம்யூ-ˈசி-ஷன், எ-லெக்-ˈட்ரி-ஷன். விதிவிலக்கு மிகக் குறைவு. நம் வீட்டு வரவேற்பறையிலேயே ஒன்று இருக்கிறது: ˈடெ-லி-வி-ஷன். இக் என்று முடிபவையும் அப்படியே: எகானமி இ-ˈகா-ன-மி, ஆனால் எகனாமிக் ஈ-க-ˈநா-மிக். டெமாக்ரசி டி-ˈமா-க்ர-சி, டெமாக்ரடிக் டெ-ம-ˈக்ரா-டிக். இதில் ஏமாற்றும் சொற்கள் சில உண்டு, அவற்றைத் தனியாகப் பாடம் செய்ய வேண்டியதுதான்: ˈபா-லி-டிக்ஸ், ˈஅ-ர-பிக், கணக்குப் பாடமான அ-ˈரித்-ம-டிக், ˈலூ-ன-டிக், ˈகேத்-லிக்.

இட்டி என்ற வாலும் தனக்கு முன்னால் உள்ள அசையைத்தான் தூக்கும்: எ-லெக்-ˈட்ரி-சி-டி, யூ-னி-ˈவர்-சி-டி. ரெஸ்பான்சிபிள் என்பதில் ஓங்குவது ஸ்பான். கடைசி பிள் பேருக்குத்தான். அதே சொல் ரெஸ்பான்சிபிலிட்டி ஆனதும் ஸ்பான் இறங்கி, கேட்பாரற்றுக் கிடந்த பி எழுந்து விடுகிறது: ரி-ஸ்பான்-சி-ˈபி-லி-டி. ஆறு அசையில் நாலாவது. இந்தப் பிலிட்டி வரும் சொற்கள் எல்லாவற்றுக்கும், ஏபிலிட்டியோ அக்செசிபிலிட்டியோ, பிடி ஒன்றே.

லஜி, கிரஃபி, க்ரசி, நமி என்று கிரேக்கத்திலிருந்து வந்தவை கடைசியிலிருந்து மூன்றாவது அசையை ஓங்கவைக்கும்: ப-ˈயா-ல-ஜி, ஜி-ˈயா-க்ர-ஃபி. ஏட் என்று முடியும் நீள வினைகளும் கடைசியிலிருந்து மூன்றுதான்: க-ˈம்யூ-னி-கேட், அ-ˈப்ரீ-ஷி-யேட், ˈகால்-க்யு-லேட். அந்த வினையே பெயராகும்போது ஷன் வந்து ஒட்டும், பலம் கே-க்கு இறங்கிவிடும்: க-ம்யூ-னி-ˈகே-ஷன். வினை ஒன்று, பெயர் ஒன்று என்று ஜோடியாகப் பழகினால் இரண்டும் நிற்கும்.

மீட்டர் என்ற வாலுக்கு மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஐடிஐ பட்டறையில் இது தினமும் புழங்குகிறது. அளக்கும் கருவி என்றால் பலம் நடுவில்: தர்-ˈமா-மி-டர், ப-ˈரா-மி-டர், ஸ்பீ-ˈடா-மி-டர். அளவின் பெயர் என்றால் முதலில்: ˈமி-லி-மீ-டர், ˈசென்-டி-மீ-டர். ஆகவே ஃபிட்டர் கையில் இருக்கும் திருகு அளவி மை-ˈக்ரா-மி-டர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவு ˈமை-க்ரோ-மீ-டர். சாதாரணமாகக் கையில் கிடைக்கும் மைக்ராமிடரின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ., அதாவது 10 மைக்ரோமீட்டர். இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல அழுத்தம் ஒன்றுதான் வழி. பிரிட்டிஷ் எழுத்தில் அளவின் பெயருக்கு வேறு எழுத்துக்கூட்டல் உண்டு, அமெரிக்க எழுத்தில் அந்த உதவியும் இல்லை. இவ்வளவும் சொன்ன பிறகு கிலோமீட்டர் வந்து காலை வாரும்: விதிப்படி ˈகி-லோ-மீ-டர், ஆனால் கி-ˈலா-மி-டர் என்பதும் இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டிலும் சர்வ சாதாரணம்.

இரண்டாவது சாதி, பலத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் வால்கள். எண்ணிக்கை கொஞ்சம்தான். என்-ஜி-ˈநியர், வா-லன்-ˈடியர், ரெ-ஃப்யு-ˈஜீ, எம்-ப்ளா-ˈயீ, ஜா-ப-ˈநீஸ். நாம் இன்ஜினியர் என்று முதலசையில் ஏறி மெதுவாக இறங்குகிறோம்; அவர்கள் கடைசியில் ஏறுகிறார்கள். கமிட்டி இந்த வகை போலத் தெரிந்தும் சேராது, அதன் பலம் நடுவில்.

மூன்றாவது சாதி எதையும் அசைக்காது. மென்ட், நெஸ், ஃபுல், லெஸ், லி, இங், ஷிப். அடிச்சொல்லில் பலம் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும்: டி-ˈவெ-லப், டி-ˈவெ-லப்-மன்ட். நாம் டெ-யை ஓங்கி டெவலப்மென்ட் என்போம். மாற்ற வேண்டியது அந்த ஒன்றைத்தான். ஏபிள் என்ற வால் பெரும்பாலும் இந்தச் சாதி, ஆனால் சில பழைய சொற்களில் பலத்தை முன்னால் தள்ளிவிடும்: அட்-ˈமைர் என்பது ˈஅட்-ம-ர-பிள் ஆகும், ப்ரி-ˈஃபர் என்பது ˈப்ரெ-ஃப-ர-பிள் ஆகும். அட்வர்டைஸ்மென்ட்டும் அடங்காத பிள்ளை: பிரிட்டனில் அட்-ˈவர்-டிஸ்-மன்ட், அமெரிக்காவில் அட்-வர்-ˈடைஸ்-மன்ட். எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

இரண்டசைச் சொற்களில் பெயருக்கு முன்னால், வினைக்குப் பின்னால் என்ற பழைய விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ˈரெ-கார்ட் பெயர், ரி-ˈகார்ட் வினை. எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. ரிப்போர்ட், சப்போர்ட், கன்ட்ரோல் மூன்றும் பெயரானாலும் வினையானாலும் பின்னால்தான் ஓங்கும்.

வாலைப் பற்றிய இன்னொரு தொல்லை, தமிழ் எழுத்தே நமக்குப் பழக்கிவிட்டது. மெசேஜ், வில்லேஜ், இமேஜ் என்று எழுதுகிறோம், அப்படியே ஏஜ் என்று நீட்டிப் படிக்கிறோம். ஆங்கிலத்தில் அது மெ-சிஜ், வி-லிஜ், இ-மிஜ். ப்ரைவேட் என்பது ப்ரை-வட், க்ளைமேட் என்பது க்ளை-மட், சர்ஃபேஸ் என்பது சர்-ஃபிஸ். எழுத்தைப் பார்த்துத் தமிழில் பெயர்த்த காலத்தில் வந்த பழக்கம் இது, ஒலியைக் கேட்டுப் பெயர்த்திருந்தால் வந்திருக்காது. ஏட் வாலில் மட்டும் கவனமாக இருங்கள்: வினையாக வரும்போது ஏட் முழுசு, பெயராகவோ அடையாகவோ வரும்போது அட். செபரேட் செய் என்றால் ˈசெ-ப-ரேட், தனி அறை என்றால் ˈசெப்-ரட். எஸ்டிமேட், கிராஜுவேட் எல்லாம் இதே கணக்கு. காண்ட்ராக்டர் கையில் கொடுக்கும் தாள் ˈஎஸ்-டி-மட்.

இனி பொருள் துண்டுகள். இங்கே நம் இலக்கணம் நன்றாகவே கைகொடுக்கும். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று பகுபத உறுப்புகளைப் பள்ளியில் பிரித்தவர்களுக்கு ஆங்கில நீளச் சொல் புதிதே அல்ல. அசையும் பொருள் துண்டும் வேறு வேறு இடத்தில் வெட்டும் என்பதும் நமக்குப் பழகியதுதான். ஊரில் என்பதைப் பொருளால் பிரித்தால் ஊர், இல். வாயால் பிரித்தால் ஊ-ரில்.

காது மூக்கு தொண்டை மருத்துவத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள முழுப்பெயரை எடுத்துக்கொள்வோம்: ஓடோரைனோலாரிங்காலஜி. பொருளால் வெட்டினால் ஓடோ காது, ரைனோ மூக்கு, லாரிங் குரல்வளை, ஓ என்ற சாரியை, கடைசியில் லஜி, இயல். மூக்கில் கொம்புள்ள காண்டாமிருகத்தின் பெயரிலும் இதே ரைனோதான். வாயால் வெட்டினால் ஓ-டோ-ரை-நோ-லா-ரிங்-ˈகா-ல-ஜி, ஒன்பது அசை. லஜி வால் என்பதால் பலம் கடைசியிலிருந்து மூன்றாவதான கா-வில். இந்தக் கா-வைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: மெய் குரல்வளையின் கடைசி எழுத்து, உயிர் அந்தச் சாரியை. சொல்லிலேயே உரக்கக் கேட்கும் அசைக்கென்று சொந்தமாக ஒரு பொருளும் இல்லை. இரண்டு துண்டுகளின் விளிம்பு சேர்ந்து உண்டானது. அர்த்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னால் சொல் சரியாக வராமல் போவது இதனால்தான். ஹெலிகாப்டரும் இப்படியே. ஹெலி, காப்டர் என்று எல்லோரும் இரண்டாக வெட்டுகிறார்கள். கிரேக்க மூலத்தில் அது ஹெலிகோ, ப்டர்: சுருள், சிறகு.

பொருளால் வெட்டுவதன் பெரிய லாபம் எழுத்துக்கூட்டலில். லாட்ஜ், ஹாஸ்டல் பலகைகளில் அக்காமடேஷன் என்பதை ஒரு எம் குறைத்து எழுதியிருப்பதை எங்கும் பார்க்கலாம். துண்டு தெரிந்தால் இந்தத் தப்பு நடக்காது. முதல் துண்டு அட், இரண்டாவது காம், மூன்றாவது மாட், பிறகு வால். அட்-டின் கடைசி மெய் அடுத்த துண்டின் முதல் மெய்யாகவே திரிந்துவிடுவதால் இரண்டு சி. காம்-மின் எம்மும் மாட்-டின் எம்மும் சேர்வதால் இரண்டு எம். மரம் கள்-ளோடு சேர்ந்து மரங்கள் ஆவது போன்ற திரிபுதான் இது. இம்பாசிபிள், இல்லீகல், இர்ரெகுலர் மூன்றிலும் இருப்பது ஒரே இன், அடுத்த எழுத்துக்கு ஏற்றபடி வேடம் மாறியிருக்கிறது. ரெகமெண்ட் என்பது ரி, கமெண்ட். ரி-யில் சி இல்லை, அதனால் ஒரு சி, இரண்டு எம். டிஸப்பாயிண்ட் என்பது டிஸ், அப்பாயிண்ட். ஒரு எஸ், இரண்டு பி. மிஸ்ஸ்பெல் என்பது மிஸ், ஸ்பெல், இரண்டு எஸ். ஒட்டும் இடத்தில் எதையும் கழிக்காதீர்கள், எதையும் கூட்டாதீர்கள் என்ற ஒரே விதியில் இத்தனையும் அடங்கும். நெசஸரிக்கு மட்டும் இது உதவாது, அதை உருப்போடத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் 1925-இல் தொடங்கி இன்று ஸ்கிரிப்ஸ் பெயரில் நடக்கும் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில், இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் மேடையில் நின்று நடுவரிடம் சொல்லின் மூலமொழி என்ன என்று கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். நேரம் கடத்தும் உத்தி என்று சிலர் நினைப்பதுண்டு. கிரேக்கம் என்று தெரிந்தால் ஃப் ஒலிக்கு பி-எச், க் ஒலிக்கு சி-எச், நடுவில் வரும் இ-க்கு ஒய் என்று பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மருத்துவச் சொற்களில் வால் தெரிவது நோயாளியின் வீட்டாருக்கே உதவும். டிஸ்சார்ஜ் தாளில் ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி. எக்டமி என்றால் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆட்டமி என்றால் வெட்டித் திறந்தார்கள். ஆஸ்டமி என்றால் ஒரு திறப்பு வைத்திருக்கிறார்கள். கோலிசிஸ்டெக்டமி என்ற மலைப்பான சொல்லில் கோலி பித்தம், சிஸ்ட் பை, எக்டமி நீக்கம்; பித்தப்பையை எடுத்தாயிற்று, அவ்வளவுதான்.

இதே துறையில் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஹைப்பர் என்றால் மிகை, ஹைப்போ என்றால் குறை. பொருள் நேர் எதிர். ஆனால் ஹை-பர்-ˈடென்-ஷன், ஹை-போ-ˈடென்-ஷன் இரண்டிலும் பலம் டென்-னில் விழுவதால், வித்தியாசம் உள்ள ஒரே அசை குறுகிப் போகிறது. ஃபோனில், இரைச்சலில், இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். இப்படிப்பட்ட இடத்தில் விதியை மீறி பர்-ஐயோ போ-வையோ வேண்டுமென்றே ஓங்கிச் சொல்ல வேண்டும். அதைவிட நல்லது, “பிபி லோ”, “சர்க்கரை குறைவு” என்று இரண்டாம் முறை வேறு வார்த்தையில் சொல்லிவிடுவது.

முன்னொட்டு போலத் தெரிவதெல்லாம் முன்னொட்டு ஆகிவிடாது. அங்கிளில் அன் கிடையாது. ஹாம்பர்கரில் ஹாம் கிடையாது, அது ஹாம்பர்க் நகரத்துப் பெயர்; மக்கள் தப்பாக வெட்டியதில் மீதி பர்கர் என்று தனியாக வாழத் தொடங்கிவிட்டது. டேங்கர் லாரிப் பின்னால் எழுதியிருக்கும் இன்ஃப்ளேமபிள் இன்னும் ஆபத்தானது. அங்கே இருக்கும் இன், இல்லை என்று மறுக்கும் இன் அல்ல, உள்ளே என்ற இன். சொல்லுக்குப் பொருள் எளிதில் தீப்பற்றும் என்பதுதான். பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தவர் தீப்பற்றாது என்று எடுத்துக்கொள்ள முடியும் என்பதால்தான் இன்-ஐ வெட்டிவிட்டு வெறும் ஃப்ளேமபிள் என்று எச்சரிக்கைப் பலகைகளில் எழுதும் வழக்கம் வந்தது.

அகராதி பார்க்கும்போது இரண்டைக் கவனியுங்கள். பெரும்பாலான அகராதிகளில் நிமிர்கோடு ஓங்கும் அசைக்கு முன்னால் நிற்கும், சில அமெரிக்க அகராதிகளில் பின்னால் நிற்கும். முன்பக்க விளக்கத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாச் சொல்லும் ஓர் அசை தள்ளிப்போகும். கீழே தொங்கும் கோடு இரண்டாம் நிலைப் பலம், நீளச் சொற்களில் முன்பக்கம் ஒன்று இருக்கும். அடுத்தது, தலைச்சொல்லுக்கு நடுவே போட்டிருக்கும் புள்ளிகள். அவை அசைப் பிரிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அச்சில் வரி முடியும்போது சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டுபவை அவை. அபவுட் என்ற சொல்லுக்கு அசை இரண்டு, ஆனால் புள்ளியே இருக்காது, ஒற்றை எழுத்தை வரிக் கடைசியில் விட்டுவைக்கக் கூடாது என்பதால். அசைக்கு உச்சரிப்புக் குறிப்பு ஒன்றே சாட்சி.

பழகும் முறை என்று கேட்டால், வால் முனையிலிருந்து முன்னோக்கி ஏறுவதைவிட நல்லதாக எதுவும் தென்படவில்லை. இன்டர்நேஷனலைசேஷன் என்ற சொல்லை வைத்துச் செய்து பார்க்கலாம். கணினிக்காரர்கள் முதலெழுத்துக்கும் கடைசியெழுத்துக்கும் நடுவே 18 எழுத்து இருப்பதால் ஐ-18-என் என்றே சுருக்கிவிட்ட சொல் அது. முதலில் வாலை மட்டும்: ˈஸே-ஷன். நான்கைந்து முறை. பிறகு லை-ˈஸே-ஷன். பிறகு ன-லை-ˈஸே-ஷன். ஷ-ன-லை-ˈஸே-ஷன். அடுத்து நா-ஷ-ன-லை-ˈஸே-ஷன், இங்கே நே என்று வாய் போகும், விடாதீர்கள். நேஷன் தனியாக இருக்கும்போதுதான் நே, வால் நீண்டால் உயிர் குறுகி நா ஆகிவிடும். நேச்சர், நாச்சுரல் ஆவதும், ப்ரனௌன்ஸ், ப்ர-னன்-சி-ˈயே-ஷன் ஆவதும் அதே குணம். கடைசியாக முன்பக்கம்: இன்-டர்-நா-ஷ-ன-லை-ˈஸே-ஷன், எட்டு அசை. முன்னிருந்து பழகினால் மூச்சும் கவனமும் முதல் இரண்டு அசையிலேயே செலவாகி, பலம் தவறாமல் இன்-னில் விழும். பின்னிருந்து வந்தால் ஓங்கும் அசை முதலிலேயே இடத்தைப் பிடித்துவிடுகிறது, மற்றவை அதற்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒரு நாளைக்கு ஒரே வால், அந்த வாலில் ஐந்து சொல் போதும். ஐந்து வாலைக் கலந்து இருபது சொல் எடுத்தால் அடுத்த நாள் எதுவும் மிஞ்சாது.

எஃப், வி, இசட் ஒலிகளையும் திருத்த வேண்டாமா என்று கேட்பார்கள். நேரம் இருந்தால் திருத்தலாம். இன்டர்வியூவுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் அவற்றை விட்டுவிட்டு, உங்கள் துறையில் தினமும் வரும் நாற்பது ஐம்பது நீளச் சொற்களின் அழுத்தத்தை மட்டும் சரி செய்யுங்கள். நம் ஊர் வாசனை இருக்கட்டும், சொல் அடையாளம் தெரிந்தால் போதும்.

ஆங்கில அகராதிகளில் உள்ள மிக நீளமான சொல்லையும் இதே பிடியில் தூக்கலாம். 45 எழுத்து: நியூமோனோ அல்ட்ரா மைக்ரோஸ்கோபிக் சிலிகோ வால்கேனோ கோனியோசிஸ், எல்லாம் ஒட்டி ஒரே சொல். 1935-இல் அமெரிக்காவின் தேசியப் புதிர்க்காரர்கள் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் நீளத்துக்காகவே கட்டியது. நுரையீரல், மிக, நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசு, நோய்நிலை என்று ஏழு துண்டாகக் கழன்றுவிடும். அசை 19. வால் ஓசிஸ், டயக்னோசிஸ், டியூபர்குலோசிஸ் போல ஓ-வைத்தான் தூக்கும், ஆக 18-ஆவது அசையில் பலம். மருத்துவர்கள் யாரும் இதை எழுதுவதில்லை. கல்குவாரித் தூசு நுரையீரலில் படிந்து வருவதற்கு அவர்கள் எழுதுவது சி-லி-ˈகோ-சிஸ். நான்கே அசை, அதிலும் பலம் கடைசிக்கு முந்தினதில்.